கொடுப்போம்... ஆனால் மைக் செட் வேண்டாம்!

 

இந்த மாதச் சுவர் இதழுக்குக் கிறிஸ்துமஸ் பற்றி ஏதாவது எழுது என்று ஆசிரியர் குழு சொன்னபோது ஸ்டார், குடில், கேக் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை எழுத ஆளா இல்லை? பக்கத்துச் சார்ட்டில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் கலர் ஸ்கெட்ச்சில் அழகாக எழுதியிருக்கிறான், கண்டிப்பாகப் படியுங்கள். நான் எழுதப் போவது வேறு விஷயம். கொஞ்சம் கசப்பாகக்கூட இருக்கலாம். தமிழ் ஐயாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "போடலாம். ஆனா பாதியில பயந்து நிறுத்தாதே, சொல்ல வந்ததை முழுசாச் சொல்லு" என்றார். அதனால்தான் இரண்டு சார்ட் ஆகிவிட்டது. மன்னிக்கவும்.

நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸை முன்னிட்டு ஒவ்வொரு வகுப்பும் அரிசி, துணி, பணம் சேகரிக்க வேண்டும். அதிகமாகச் சேகரிக்கும் வகுப்புக்குக் கேடயம். சேர்ந்த பொருட்கள் விழா மேடையில் நம் பள்ளியின் ஏழை மாணவர்களுக்கு வழங்கப்படும். மீதி, பக்கத்து ஊர்க் குழந்தைகள் இல்லத்துக்குப் போகும்.

படித்தவுடன் நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நல்ல விஷயம்தான். கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் நிறையக் கொடுங்கள். எனக்கு இடிக்கிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று மேடை, இன்னொன்று கேடயம்.

ஏன் என்று கேட்டால், முதலில் என் தப்பைச் சொல்ல வேண்டும்.

நான் இந்தப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் வந்து சேர்ந்தேன். அதற்கு முன் வேறு ஊரில், வேறு பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே ஏழாம் வகுப்பில் நான்தான் கிளாஸ் லீடர். டிசம்பர் பிறந்ததும் என் வேலை, ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டு வரும் துணியை வாங்கி, நோட்டில் பெயர் எழுதி, மடித்து, பழைய டிவி அட்டைப்பெட்டியில் அடுக்குவது. ரொம்பப் பெருமையாகச் செய்தேன். நானும் ஒரு துணி கொடுத்தேன். மஞ்சள் சுடிதார். கழுத்தில் கண்ணாடி வேலைப்பாடு இருக்கும். எனக்குச் சின்னதாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், சின்னதானது மட்டும் காரணம் இல்லை. இடது கையில் ஒரு மைக்கறை. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. கறை இல்லாமல் இருந்திருந்தால் அது என் சித்தி மகளுக்குப் போயிருக்கும், பெட்டிக்குள் வந்திருக்காது.

விழா நாள் வந்தது. சிறப்பு விருந்தினர் வந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் பி.டி. சார். கேரல் பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் முடிந்த பிறகு மைக்கில் அறிவித்தார்கள். "இப்பொழுது நம் பள்ளியில் பயிலும் ஏழை எளிய மாணவ மாணவியருக்குப் பரிசுகள் வழங்கப்படும். பெயர் வாசிக்கப்படுபவர்கள் மேடைக்கு வரவும்." ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஏழாவதோ எட்டாவதோ வாசித்த பெயர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடைய பெயர்.

அவள் என் பெஞ்ச். தினமும் என் டிபனில் பாதி அவளுக்கு, அவள் கொண்டு வரும் புளிச்சோற்றில் பாதி எனக்கு. அவள் ஏழை என்று அன்று வரைக்கும் எனக்குத் தெரியாது, சத்தியமா. அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார்கள் என்று தெரியும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டிச் சுருட்டிக்கொண்டே கதை பேசுவார்கள். அதை யாரும் "ஏழை" என்று மைக்கில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் எழுந்து போனாள். பையை வாங்கினாள். போட்டோ எடுப்பவர், "இந்தப் பக்கம் பாரும்மா, கொஞ்சம் சிரி" என்றார். சிரித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என்ன இருக்கு என்ன இருக்கு என்று நான்தான் பையைப் பிடுங்கிப் பிரித்தேன். மேலேயே என் மஞ்சள் சுடிதார்! எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்திவிட்டேன். "ஏட்டி, இது என் சுடிதாருல்லா!"

முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவள் பையை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து லீவு. ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் மூன்றாவது பெஞ்சுக்கு மாறிவிட்டாள். டிபன் மாற்றிச் சாப்பிடுவது அதோடு நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே காரணம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறோம். அதனால் கிறிஸ்துமஸ் கதையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இயேசு பிறந்தது மாட்டுத்தொழுவத்தில் என்று எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் குடில் கட்டுகிறோமே. ஆனால் குடிலில் நாம் வைக்காத ஒரு காட்சி லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு மரியாளும் யோசேப்பும் எருசலேம் ஆலயத்துக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் செலுத்த வேண்டிய காணிக்கையாக ஒரு ஜோடி காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு என்று எழுதியிருக்கிறது. சண்டே ஸ்கூலில் இதை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. லேவியராகமம் 12-ஆம் அதிகாரம் கடைசி வசனத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சட்டப்படி கொடுக்க வேண்டியது ஒரு ஆட்டுக்குட்டி. ஆடு வாங்க வசதி இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் புறாக்கணக்கு!

அப்படியென்றால் இயேசுவின் வீடே "ஏழை எளியோர்" லிஸ்டில் இருந்த வீடு. யோசேப்பு ஒரு தச்சர். அவர் மகன் நம் பள்ளியில் படித்திருந்தால் இந்த டிசம்பரில் மைக்கில் அவர் பெயரையும் வாசித்திருப்போம். மேடைக்கு வா, பையை வாங்கு, கொஞ்சம் சிரி என்று சொல்லியிருப்போம். இதை நினைத்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆலயத்தில் புறாவைக் கொடுக்கிறவர்களை யாராவது ஒரு மாதிரி பார்த்திருப்பார்களா? தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து பேசியபோது, தர்மம் செய்வதைப் பற்றி ரொம்பக் கண்டிப்பாகப் பேசியது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது, பைபிள் உள்ளவர்கள் எடுத்துப் பாருங்கள். மனுஷர் பார்க்க வேண்டும் என்று தர்மம் செய்யாதே, எக்காளம் ஊதாதே, உன் ஒரு கை செய்வது மறுகைக்கே தெரியக்கூடாது என்கிற பொருளில் வரும். எக்காளம் என்பது அந்தக் காலத்து மைக் செட். அப்படிச் சொன்னவருடைய பிறந்தநாளுக்கு நாம் மைக் செட் வாடகைக்கு எடுக்கிறோம்.

மாற்கு 12-ல் வரும் விதவையின் கதையும் இதே மாதிரிதான். பணக்காரர்கள் காணிக்கைப் பெட்டியில் நிறையப் போடுகிறார்கள். ஒரு ஏழை விதவை வந்து இரண்டு சின்னக் காசு போடுகிறாள். எல்லோரையும்விட இவள்தான் அதிகம் போட்டாள் என்கிறார் இயேசு. இப்போது நம் கேடயத்துக்கு வாருங்கள். நம் கணக்குப்படி அந்தம்மா இருக்கும் வகுப்பு கடைசி இடம்! போன வருஷம் கிளாஸ் வாரியாகப் பண விவரம் சார்ட் போட்டு ஒட்டினார்கள் அல்லவா? கடைசியில் வந்த வகுப்பைப் பார்த்து "கஞ்சப் பிசினாறி கிளாஸ்" என்று கேலி பண்ணினார்கள். அந்த வகுப்பில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினோமா?

கிறிஸ்துமஸ் தாத்தாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார். அவர் கதை புனித நிக்கோலாஸ் என்ற பிஷப்பிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் மீரா என்ற ஊரில் இருந்தவர். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையில், ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று மகள்கள். சீதனம் கொடுக்கப் பணம் இல்லை. (அங்கேயும் சீதனம்தான்!) நிக்கோலாஸ் ராத்திரியில் போய், ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஏன் ராத்திரி? ஏன் ஜன்னல்? அந்தத் தகப்பன் மறுநாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்குத்தான். நாமோ அதே தாத்தா வேஷத்தைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் மேடை ஏறுகிறோம்.

நம்ம ஊர்ப்பக்கமே ஒரு உதாரணம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில், கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளையும் ஆதரவில்லாத குழந்தைகளையும் எடுத்து வளர்த்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர், ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1951-ல் டோனாவூரிலேயே இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது அம்மா என்று கூப்பிடும் ஒரே ஒரு சொல்தான், பெயர் கிடையாது. நாம் ஒரு மின்விசிறி கொடுத்தால் மூன்று இறக்கையிலும் உபயம் எழுதுகிறோம்.

இப்போது துணி விஷயம். "பழைய துணி கொடுத்தால் என்ன தப்பு?" என்று என் வகுப்பிலேயே கேட்டார்கள். நல்ல துணி என்றால் தப்பே இல்லை. ஆனால் எங்க அப்பா சொன்ன ஒன்றைக் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சுனாமி வந்தது. நாம் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். குளச்சல் பக்கமும் கடலூர் பக்கமும் சாவு. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போனவர்களும் கடலோடு போனார்கள். அப்பாவுக்கு அப்போது 23 வயசு. சபை வாலிபர் சங்கத்தோடு வீடு வீடாகப் போய்த் துணி சேகரித்து, லாரி பிடித்து நாகப்பட்டினத்துக்குக் கொண்டு போனார்கள். எந்த ஊரிலும் ஜனங்கள் இல்லை என்று சொல்லவில்லையாம். மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால், ரோட்டோரம் மலை மாதிரி பழைய துணி குவிந்து கிடக்கிறது. தமிழ்நாடு முழுக்க இருந்து வந்தது. மழையிலும் மண்ணிலும் கிடந்து நாறுகிறது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. "எங்களுக்குப் பாத்திரம் இல்லை, அடுப்பு இல்லை, வலை போச்சு, படகு போச்சு. அடுத்தவங்க உடுத்திக் கழிச்ச துணி எங்களுக்கு எதுக்குத் தம்பி? நாங்க நேத்து வரைக்கும் உழைச்சுச் சாப்பிட்டவங்க" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்ததாம், இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கோமே என்று. அப்புறம் தங்கள் மூட்டையை அவரே அவிழ்த்துப் பார்த்தாராம். பட்டன் இல்லாத சட்டை. ஜிப் போன பேன்ட். கிழிந்த உள்பாவாடை. அதை எல்லாம் அப்படியே திருப்பி லாரியில் ஏற்றிக்கொண்டு, கையில் இருந்த பணத்துக்கு அலுமினியப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்களாம். அப்பா இந்தக் கதையை என்னிடம் சொன்னது எப்போது தெரியுமா? என் மஞ்சள் சுடிதார் கதையை நான் சொல்லி அழுத பிறகு. அதற்கு முன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம்.

அடுத்து, குழந்தைகள் இல்லம். போன வருஷம் நம் பள்ளியிலிருந்து போனவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் போனபோது இன்னொரு குழு கேக் கொடுத்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. வாசலில் மூன்றாவது குழு நின்றது. பிள்ளைகள் ஒவ்வொரு குழுவுக்கும் வரிசையாக நின்று அதே பாட்டைப் பாடினார்கள். மூன்றாவது தடவை பாடும்போது ஒரு குட்டிப் பையன் நின்றபடியே தூங்கி விழுந்தான். அங்கே சமையல் செய்யும் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிசம்பர்ல கேக் வச்சுக்கிட என்கிட்ட இடமில்ல பாப்பா. ஜூன்ல நோட்டுக்கும் பைக்கும் ஒவ்வொரு வீடா ஏறி இறங்குதோம். அப்ப ஒருத்தரையும் காணோம்."

இயேசு பிறந்ததே டிசம்பர் 25-தான் என்று பைபிளில் எங்கேயும் எழுதியில்லை, தெரியுமா? தேதி பிற்காலத்தில் சபை வைத்துக்கொண்டது. ஆகவே கிறிஸ்துமஸ் காணிக்கையை ஜூன் மாதம் கொடுத்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். நாமும் புழுக்கத்தில் கேக் சுமக்க வேண்டாம், நோட்டுப் பார்சல் போதும்.

போட்டோ பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இல்லத்துப் பிள்ளைகளோடு நாங்கள் எடுத்த போட்டோ பெரிதாகப் பிரிண்ட் போட்டு நம் வராந்தாவில் மாட்டப்பட்டது. சிலர் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வைத்தார்கள், நானும் வைத்தேன். சமூக அறிவியல் டீச்சர்தான் பிறகு சொன்னார்கள். 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரிகிற எதையும் பத்திரிகைகளிலோ மற்ற ஊடகங்களிலோ வெளியிடக்கூடாது. மீறினால் தண்டனை உண்டு. நம் வராந்தா ஊடகமா இல்லையா என்று வக்கீல்கள் சொல்லட்டும். அந்தப் பிள்ளை பெரியவனாகி இந்தப் பக்கம் வந்து தன் படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வக்கீல் வேண்டாம்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. நான் பேசிப் பார்த்த நண்பர்களும் டீச்சர்களும் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"கேடயம் இல்லாவிட்டால் ஒருத்தரும் கொடுக்க மாட்டாங்க." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முதல் வருஷம் கட்டாயம் குறையும். பாதியாகக்கூடக் குறையலாம். ஆனால் கேடயத்துக்காக வந்த அரிசியை யாருக்கான காணிக்கை என்று சொல்வது? எங்க ஆச்சி வீட்டில் அடுப்பங்கரை மூலையில் ஒரு சின்னப் பானை இருந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், கோயிலிலிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். ஆச்சிக்குக் கேடயம் கிடைத்ததே இல்லை. கஞ்சி மட்டும் குடித்த நாளிலும் அந்தப் பிடி விழுந்தது என்று அம்மா சொல்வார்கள். அந்தப் பானை தெருவில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் இருந்ததாம், வாங்குகிற வீட்டிலும்கூட. அதனால் யார் கொடுக்கிறவர், யார் வாங்குகிறவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறோமே, அது மாதிரி.

"மேடையில் கொடுத்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும், பணம் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" நியாயமான கேள்விதான். கணக்கை எழுதி ஒட்டுங்கள். இவ்வளவு ரூபாய் வந்தது, இவ்வளவு அரிசி வாங்கினோம், இத்தனை பேருக்குப் போனது. எண் போதும், முகம் எதற்கு?

"பரிசு வாங்குவது ஒரு பெருமைதானே, அதில் என்ன வெட்கம்?" என்று ஒரு டீச்சர் கேட்டார்கள். டீச்சர், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வாங்கினால் பெருமை. அப்பா இல்லை என்பதற்காக வாங்கினால்?

சும்மா பேச்சோடு நிற்கவில்லை. போன வருஷம் நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தோம். கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். சீட்டுக் குலுக்கி எடுப்போம், யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகச் சின்னச் சின்னப் பரிசு வைப்போம், கடைசி நாள் வரை யாரென்று சொல்ல மாட்டோம். பெஞ்சுக்கு அடியில் சாக்லேட் வைக்க என்ன பாடு படுகிறோம்! ஐந்து ரூபாய்ச் சாக்லேட்டுக்கு அவ்வளவு ரகசியம் காக்கத் தெரிந்த நமக்கு, அரிசிப் பை கொடுக்கும்போது மட்டும் மைக் எதற்கு?

அதனால் பரிசுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை ஒரு மூடின டப்பாவில் போடலாம் என்று முடிவு செய்தோம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதவில்லை. ஒருவர் போடாமல் டப்பாவைத் தொட்டுவிட்டு மட்டும் போனாலும் வெளியே தெரியாது. 1,860 ரூபாய் சேர்ந்தது. அதை அப்படியே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டோம். யாருக்கு என்ன தேவை என்று அவருக்குத்தான் தெரியும். கண்ணாடி வாங்கினாரா, செருப்பு வாங்கினாரா, யாருக்கு வாங்கினார், இன்று வரை எனக்குத் தெரியாது. "காலி ஆயிட்டு, நல்லபடியா போய்ச் சேர்ந்திட்டு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில் புதுச் செருப்பு போட்டு வந்த ஒருவனைச் சிலர் "டப்பா காசா டே?" என்று கேட்டார்கள். உண்மையில் அது அவன் மாமா வாங்கித் தந்தது. ரகசியம் என்று சொன்னாலே துப்பறியும் புலிகள் கிளம்பிவிடுகிறார்கள். அதை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யோசனை இருப்பவர்கள் ஆசிரியர் குழுவிடம் எழுதிக் கொடுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் என் பழைய பெஞ்ச் தோழிக்குப் போன் செய்தேன். அவள் நம்பரைத் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது. ஐந்து வருஷம் கழித்துப் பேசுகிறோம். எழுதட்டுமா என்று கேட்டேன். வாசித்துக் காட்டு என்றாள். வாசித்தேன். ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். அப்புறம் நான் எதிர்பார்க்காததைச் சொன்னாள். "பையில இருந்த அரிசி எங்களுக்கு வேண்டியதுதான் இருந்துச்சு. அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல், பீடிக் கணக்கு முடியல. அந்த அரிசியிலதான் பொங்கினோம். வேண்டாம்னு எழுதிராத. பேர் வாசிக்காம இருந்தா போதும்." சுடிதாரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே, "கறைய எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா போயிரும், உங்க அம்மாவுக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாளா, அந்தச் சுடிதாரை உடுத்தினாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக ஒரு தகவல். மேடையையும் கேடயத்தையும் பற்றித் தலைமையாசிரியை அம்மாவிடம் மனு கொடுத்திருக்கிறோம், 63 பேர் கையெழுத்து. இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பெட்டி வைக்க மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. நூலக வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் பச்சைக் காகிதம் ஒட்டிய மரப்பெட்டி. மேலே துவாரம் இருக்கும், பூட்டு இருக்கும், சாவி நூலக டீச்சரிடம். பணம் போடலாம். புது நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் என்றால் டீச்சரிடமே கொடுத்துவிடலாம், பெயர் கேட்க மாட்டார்கள். தேவை உள்ளவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதே துவாரத்தில் போடலாம். போடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பெட்டியில் கைவிடுவதால், யார் எதற்கு வந்தார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இது எங்கள் வகுப்பில் ஒருத்தியின் யோசனை. பெட்டி ஜூன் மாதமும் அங்கேயே இருக்கும்.

துணி கொண்டு வருகிறவர்கள் நூலக டீச்சரிடம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். இடது கையையும் சேர்த்து.

– 12-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி
(எழுத்துப் பிழை இருந்தால் பென்சிலால் மட்டும் திருத்தவும். சார்ட்டைக் கிழிக்க வேண்டாம்!)